கல்லிலும் கதையிலும் காணாமற்போனோர்

தைப்பிங் நகரிலிருந்து புக்கிட் லாருட் மலையடிவாரத்தை நோக்கிச் செல்லும் சாலை, ஓரிடத்தில் ஒரு கல்லறைத் தோட்டத்தை இரண்டாகப் பிளந்துகொண்டு செல்கிறது. ஒரு பக்கத்தில் கிறித்தவ வீரர்களும் மறுபக்கத்தில் இசுலாமியர், இந்து, கூர்க்கர் முதலிய ஏனைய வீரர்களும் துயில்கின்றனர். இரண்டாம் உலகப் போரில் மலாயாவின் காடுகளிலும் சாலையோரங்களிலும் ஆங்காங்கே அவசரமாகப் புதைக்கப்பட்டவர்களின் எச்சங்களைப் போர் முடிந்தபின் தேடி எடுத்து ஒருங்கே அடக்கம் செய்த இடம் அது. புல் சீராக வெட்டப்பட்டிருக்கிறது. மலையின் நிழலும் மழையின் ஈரமும் அங்கே எப்போதும் உண்டு. தைப்பிங் மழைக்குப் பேர்போன ஊராயிற்றே!

அங்கே எண்ணூற்றுக்கும் மேற்பட்டோர் அடக்கமாகியுள்ளனர். அவர்களுள் பாதிக்கும் மேற்பட்டோர் இன்னார் என்று தெரியாதவர்கள். 1941ஆம் ஆண்டு டிசம்பர் இறுதியில் தொடங்கி 1942 ஜனவரி 2 வரை கம்பார் மலைச்சரிவுகளில் நடந்த போரிலும், ஜனவரி 7ஆம் நாள் சிலிம் ரிவரில் ஜப்பானியக் கவச வண்டிகள் இரவோடிரவாக அணிகளைப் பிளந்துகொண்டு வந்தபோதும் சிதறியவர்கள் பலர். கம்பாரில் எதிர்த்தாக்குதல் நடத்திய சீக்கியப் படைப்பிரிவின் கதையை அறிந்து அங்கே செல்வோர், அவ்வீரர்களின் பெயர்களைக் கற்களில் தேடுவர். தேடுவோர் கண்களில் மிகுதியாகப் படுவன பெயரற்ற கற்களே. ஆயினும் பெயரில்லாத அந்தக் கல்லும் ஒரு செய்தியைச் சொல்கிறது. 'இங்கே ஒரு போர்வீரன் கிடக்கிறான்; அவனை யாமறியோம்; ஆயினும் அவன் ஒருவன்' என்பதே அச்செய்தி. நூறு பேரை ஒரே குழியிலிட்டு ஒரே கல்லை நட்டுவிட்டுப் போகவில்லை. ஆளுக்கொரு கல் என்பது அங்கே விதி.

உடலே கிடைக்காதவர்க்கு என்ன செய்வது? அதற்கும் ஒரு விடை கண்டனர். சிங்கப்பூரின் கிராஞ்சியில் 1957ஆம் ஆண்டு மார்ச் மாதம் திறந்து வைக்கப்பட்ட நினைவகத்தின் பன்னிரண்டு தூண் சுவர்களில், கல்லறை இல்லாத இருபத்து நாலாயிரத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. படைப்பிரிவு வாரியாகவும் அகர வரிசையாகவும் அவை நிற்கின்றன. தைப்பிங்கில் உடல் உண்டு, பெயரில்லை; கிராஞ்சியில் பெயருண்டு, உடலில்லை. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் ஒரு மனிதன் முழுமையடைகிறான். சிலிம் ரிவரில் வீழ்ந்து தைப்பிங்கில் பெயரின்றிக் கிடப்பவனின் பெயர், பல நூறு கல் தொலைவில் கிராஞ்சிச் சுவரில் இருக்கக்கூடும். இந்த இடைவெளியே இவ்விரு நினைவகங்களின் உட்பொருள் எனலாம்.

இந்நுட்பத்தை நம் பள்ளிக் கட்டுரைகளில் காண்பது அரிது. 'போர் நினைவகத்திற்கு ஒரு கல்விச் சுற்றுலா' என்னும் தலைப்பு பல்லாண்டுகளாக மாணவர்க்குத் தரப்பட்டு வருகிறது. காலையில் பேருந்து புறப்படும், கட்டுச்சோறு பிரிக்கப்படும், கல்லறைகளைக் கண்டதும் நெஞ்சம் விம்மும், இறுதியில் நாட்டுப்பற்று பொங்கும், மாலையில் பேருந்து திரும்பிவிடும். அக்கட்டுரையில் ஒரு பெயர்கூட இராது. எந்தக் கல்லின் முன் நின்றோம், அதில் எழுதியிருந்தது என்ன என்பதைக் குறித்துவர எந்த மாணவனும் பணிக்கப்படுவதில்லை. பிழை மாணவனுடையதன்று. நினைவுச் சின்னம் ஒன்றைப் படிப்பதற்கு நாம் பயிற்சி தரவில்லை. கவிதையைப் படிக்கவும் உரைநடையைப் படிக்கவும் கற்றுத் தருகிறோம். கல்லையும் ஒரு பனுவலாகப் படிக்கலாம் என்பதைச் சொல்வதில்லை.

கல்லைப் படிப்பதற்குத் தமிழரிடம் பழைய இலக்கணமே உண்டு. தொல்காப்பியம் வெட்சித் திணையில் கல் காண்பது முதல் நட்டு வாழ்த்துவது வரை படிநிலைகளை வகுத்துச் சொல்கிறது. அப்படிநிலைகளின் பெயர்களே சிலப்பதிகார வஞ்சிக் காண்டத்தின் காதைத் தலைப்புகளாகவும் அமைந்தன என்பதை ஆசிரியர்கள் அறிவர். 2006ஆம் ஆண்டில் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் கண்டெடுக்கப்பட்ட நடுகற்கள் தமிழி எழுத்தில் அமைந்தவை. அவற்றுள் ஒன்று, ஆநிரை கவர்ந்த பூசலில் மாண்டவன் ஒருவனுடைய பெயரையும் ஊரையும் இறந்த காரணத்தையும் மிகச் சில சொற்களில் சொல்லிவிடுகிறது. அவன் மன்னனல்லன். செங்கம் வட்டாரத்து நடுகற்களிலும் இதே முறைமைதான்: எவன், எந்த ஊரினன், யாருடைய சேவகன், எந்தப் பூசலில் பட்டான். பெயர், ஊர், காரணம் ஆகிய மூன்றும் இருந்தால்தான் கல் நடுகல்லாகும். மூன்றும் இல்லையேல் அது வெறும் கல்லே. இவ்வளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு பேராக்கின் நினைவுச் சின்னங்களையும், அவற்றோடு தொடர்புடைய நம் நாவல்களையும் அளந்து பார்ப்பது பயனுடையது.

வெள்ளையரின் கற்களும் தொடக்கத்திலிருந்தே இந்நெறியில் நின்றன என்று கொள்ளலாகாது. 1917இல் தோன்றிய பேரரசுப் போர்க்கல்லறை ஆணையம், பதவி வேறுபாடின்றி அனைவர்க்கும் ஒரே அளவான கல் என்று அறிவித்தது உண்மை. ஆயினும் முதல் உலகப் போரில் மெசபொத்தேமியாவில் மாண்ட இந்தியச் சிப்பாய்களை நினைவுகூரும் பாஸ்ரா நினைவகத்தில், அதிகாரிகளுக்கே பெயர் கிடைத்தது. சிப்பாய்களுக்குக் கிடைத்ததோ படைப்பிரிவின் பெயரும் ஓர் எண்ணிக்கையும் மட்டுமே. இக்குறையை அந்த ஆணையமே 2021ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையில் ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தது. ஆகவே கல்லில் பெயர் பெறுவது தானாக வருவதன்று. யாரோ ஒருவர் பட்டியல் வைத்திருக்க வேண்டும், வேறு யாரோ ஒருவர் அதைக் கேட்க வேண்டும்.

இனி ஈப்போவுக்கு வருவோம். 1917இல் கட்டி முடிக்கப்பட்ட புகைவண்டி நிலையத்தின் எதிரே, பூங்காவின் நடுவில், ஒரு நினைவுத் தூண் நிற்கிறது. முதல் உலகப் போரில் மாண்ட பேராக் வாழ் வீரர்களுக்காக எழுப்பப்பட்ட அத்தூணில், பின்னர் இரண்டாம் உலகப் போர், அவசரகாலம் முதலியவற்றில் மாண்டோர்க்கும் பலகைகள் சேர்ந்தன. சயாம் மரண இரயில் பாதையில் மடிந்தோரை நினைவுகூரும் பலகையும் அங்கே உண்டு. நிலையத்தின் அழகைப் படமெடுக்க வரும் பயணிகளில் எத்தனை பேர் அப்பலகைவரை நடக்கின்றனர் என்று கேட்பதில் பயனில்லை. நம்மவரே நடப்பதில்லை. ஈப்போவில் சோற்றுக்கும் வெள்ளைக் காப்பிக்கும் நடப்போரே மிகுதி.

அப்பலகை சுட்டும் நிகழ்ச்சியைச் சுருங்கச் சொல்லுதல் வேண்டும். தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசயாட் வரை ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுள்ள பாதையை 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் ஜப்பானியர் இணைத்து முடித்தனர். நேசநாட்டுப் போர்க்கைதிகள் அறுபதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் அதில் உழைத்தனர். பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆசியத் தொழிலாளரோ ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேர். அவர்களில் மாண்டோர் தொண்ணூறாயிரம் அளவினர் என்பது பொதுவாக ஏற்கப்படும் மதிப்பீடு. மலாயாவிலிருந்து மட்டும் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் இரப்பர்த் தோட்டத் தமிழர். நாளொன்றுக்கு ஒரு வெள்ளி சம்பளம் என்றும், சில மாதங்களில் திரும்பிவிடலாம் என்றும் ஆசை காட்டினர். ஆசை காட்டி முடியாதபோது லாரியில் அள்ளிக்கொண்டு போயினர். இலவசப் படம் காட்டுவதாகக் கூட்டிக் கதவைச் சாத்தியதும் உண்டு. காலராவும் மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் புண்ணும் பட்டினியும் மீதி வேலையைச் செய்தன. கைதிகளிடம் இராணுவ மருத்துவர்கள் இருந்தனர், கட்டுப்பாடு இருந்தது. தோட்டத்து மக்களிடமோ இவற்றுள் ஒன்றும் இல்லை.

இங்கே எண்ணிப் பார்க்க வேண்டியது ஒன்றுண்டு. தோட்டத் தொழிலாளி பெயரற்றவனாக இருந்ததில்லை. ஒவ்வொரு தோட்டத்திலும் செக்ரோல் இருந்தது. விடியுமுன் பெரட்டுக் களத்தில் நின்று பெயர் கூப்பிட்டால்தான் அன்றைய கூலி. கங்காணி கூப்பிடுவார், கிராணி குறிப்பார், ஒரு நாள் வராவிட்டால் அதுவும் பதிவாகும். ஐரோப்பியத் துரைமார் ஓடிப்போனபின் அந்தப் பதிவேடுகள் கிராணிமாரின் கையில் இருந்தன. சயாமுக்கு ஆள் கேட்டபோது பெயர்கள் பொறுக்கப்பட்டதும் அத்தகைய பட்டியல்களிலிருந்துதான். கூலிக்குப் பெயர் இருந்தது. ஆள் பிடிக்கவும் பெயர் உதவியது. சாவுக்கு மட்டும் பெயர் இல்லாமற்போயிற்று. இந்நிலையைப் பாஸ்ராவோடு ஒப்பிடலாம். தைப்பிங்கோடு ஒப்பிட இயலாது.

போர் முடிந்தவுடன், 1945 செப்டம்பரில், கல்லறைகளைத் தேடும் குழுவொன்று இரயில் பாதை நெடுகச் சென்றது. கைதிகள் மறைத்து வைத்திருந்த குறிப்புகளைக் கொண்டு 144 இடுகாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகளின் குழிகளை அது கண்டறிந்தது. அந்தப் பணியின் பயனே இன்று காஞ்சனபுரியிலும் சுங்காயிலும் தான்பியூசயாட்டிலும் காணப்படும் ஒழுங்கான கல்லறைத் தோட்டங்கள். அதே காட்டில், அதே பாதையோரத்தில் கிடந்த ஆசியத் தொழிலாளரை அக்குழு தேடவில்லை. தேடுவது அதற்கு இடப்பட்ட பணியன்று. குழுவினரைக் குறைகூறுவதற்கில்லை, அவர்களை அனுப்பியவர்கள் கேட்ட பட்டியலில் அத்தொழிலாளர் இல்லை.

பேராக்கிலிருந்து காஞ்சனபுரிக்குச் சுற்றுலா செல்லும் நம்மவர்கள், 1977இல் ஒரு பௌத்த விகாரையின் வளாகத்தில் நிறுவப்பட்ட 'ஜீத்' போர் அருங்காட்சியகத்தைக் காணத் தவறுவதில்லை. மூங்கிலாலும் அத்தாப்பாலும் கைதிகளின் கொட்டகையைப் போலவே கட்டப்பட்டது அது. கைதிகள் மறைவாக வரைந்த ஓவியங்களைத் தழுவிய படங்களும், அவர்களுடைய பொருள்களும் உள்ளே இருக்கின்றன. காண்போரின் நெஞ்சைத் தொடுவதில் அது குறைவுடையதன்று. ஆனால் அதன் பெயரைப் படிக்க வேண்டும். ஜப்பான், இங்கிலாந்து, அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும், தாய்லாந்து, ஹாலந்து ஆகிய நாடுகளின் ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்து அமைத்த பெயர் அது. மலாயாவுக்கு அதில் எழுத்தில்லை, பர்மாவுக்கும் இல்லை, சாவாத் தீவினர்க்கும் இல்லை. உழைத்தவரிலும் மடிந்தவரிலும் பெரும்பகுதியினர்க்கு அந்தப் பெயரில் ஓர் எழுத்துக்கூட இடமில்லாமற்போனது. 1957இல் வெளிவந்து உலகெங்கும் ஓடிய 'குவாய் ஆற்றுப் பாலம்' என்னும் திரைப்படத்தின் கதையும் இதுவே. இலங்கையின் கித்துள்கலையில் படமாக்கப்பட்ட அதில் விசில் ஊதிக்கொண்டு அணிவகுக்கும் வெள்ளையரைக் காணலாம். தோட்டத்துத் தமிழனைத் தேடிக் களைக்கலாம்.

அந்த வட்டாரத்தில் போர்க்காலத்திலேயே தமிழில் எழுதி வைக்கப்பட்ட பலகை ஒன்று உண்டு. அதை வைத்தவர்கள் ஜப்பானியர்! 1944ஆம் ஆண்டில் பாலத்துக்கு அருகே ஜப்பானிய இராணுவம் தானே எழுப்பிய நினைவுத் தூணில், மாண்ட தொழிலாளரின் மொழிகள் பலவற்றில் பலகைகள் பதிக்கப்பட்டன. அவற்றுள் தமிழும் ஒன்று. கொன்றவன் வைத்த கல்லில் மொழி இருந்தது. மீட்டவன் வைத்த கல்லில் அதுவும் இல்லை. நெஞ்சைக் கசக்கும் இந்த முரணை எந்தக் கவிஞரும் இன்னும் உரிய முறையில் பாடவில்லை என்பது வியப்பே.

2023ஆம் ஆண்டில் தாய்லாந்துத் தமிழர்களின் முயற்சியாலும் தமிழ்நாட்டு அரசின் நிதியுதவியாலும் காஞ்சனபுரியில் ஆசியத் தொழிலாளர் பலரின் எலும்புகள் அடக்கமான விகாரையின் வளாகத்தில் ஒரு நடுகல் நாட்டப்பட்டது. எண்பதாண்டுகள் கழித்தாயினும் நடுகல் என்னும் பழம்பெயரோடு அக்கல் நின்றது மகிழ்ச்சிக்குரியது. முன்னின்று செய்தோர் பாராட்டுக்குரியர். ஆயினும் திறனாய்வு பாராட்டோடு நின்றுவிடலாகாது. ஊரும் பேரும் தெரியாத பல்லாயிரவர்க்கு ஒரே கல் என்னும்போது, நாம் மேலே கண்ட மூன்று உறுப்புகளில் காரணம் ஒன்றே அதில் எஞ்சுகிறது. புலிமான்கோம்பைக் கல் ஓர் ஆநிரைப் பூசலில் விழுந்த ஒருவனுக்கு அளித்ததை, இந்தக் கல்லால் இத்தனை பேருக்கு அளிக்க இயலவில்லை. கல் நட்டவர்களின் குறையன்று இது. பட்டியல் இல்லாமையின் விளைவு.

கல் செய்ய இயலாததைச் சொல் செய்ததா என்பதே இனி ஆராயத்தக்கது.

தமிழில் தென்கிழக்காசியப் போர்க்காலத்தை எழுதியவருள் முதலிடம் ப. சிங்காரத்துக்கே உரியது என்பதில் கருத்து வேறுபாடு மிகுதியாக இராது. போரின்போது இப்பகுதியிலேயே வாழ்ந்து 1946இல் தமிழகம் திரும்பிய அவர் எழுதியவை இரண்டே நாவல்கள்: 1959இல் நூலான 'கடலுக்கு அப்பால்', 1972இல் வெளிவந்த 'புயலிலே ஒரு தோணி'. இரண்டிலும் நாயகர்கள் வட்டிக்கடைகளிலும் வணிக நிலையங்களிலும் வேலை பார்த்து, பின்னர் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்த இளைஞர்கள். பாண்டியனுக்குச் சின்னமங்கலம் இருக்கிறது. அதன் சந்தை இருக்கிறது. மதுரைத் தெருக்கள் இருக்கின்றன. போரின் நடுவிலும் அவன் மனம் அத்தெருக்களில் நடந்துகொண்டே இருக்கிறது. அவன் அந்நிய மண்ணில் மடியும்போது, மடிந்தவன் 'ஒரு வீரன்' அல்லன். இன்ன ஊரின் இன்ன தெருவைச் சுமந்தவன். பெயர், ஊர், காரணம் ஆகிய மூன்றையும் சிங்காரம் தந்துவிட்டார். அதுவும் வீரத்தைப் புகழாமலே தந்தார். அவருடைய எள்ளல் எல்லோரையும் தீண்டுகிறது, தமிழ்ப் பெருமையையும் சேர்த்து. நம் மாணவர்க்கு அதைக் கற்பிக்க அஞ்ச வேண்டியதில்லை.

ஆனால் சிங்காரத்தின் உலகம் கடைத்தெருவின் உலகம். தோட்டத்து லயன் அவருடைய பார்வையின் ஓரத்திலேயே நிற்கிறது. அதைக் குறையாகச் சொல்வதற்கில்லை. தாம் அறிந்ததை எழுதினார். தோட்டத்தை எழுத வேண்டியவர்கள் மலேசிய எழுத்தாளர்களே. அவர்கள் எழுதவும் செய்தனர், சற்றே காலந்தாழ்த்தி. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' 1993இல் வெளிவந்தது. ஜப்பானியர் காலத்தைச் சிறுவனாக இருந்து கண்ட அ. ரெங்கசாமி 'புதியதோர் உலகம்', 'நினைவுச் சின்னம்', 'இமையத் தியாகம்' என அக்காலத்தைப் பற்றியே நாவல்கள் வரைந்தார். சீ. அருண் அந்த இரயில் பாதையின் வரலாற்றைத் தனி நூலாக்கினார். போர் முடிந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிந்தபின் இந்நூல்கள் வந்தன என்பதை நினைவில் கொள்ளுதல் நன்று. அந்த அரை நூற்றாண்டு மௌனத்துக்குக் காரணம் அச்சமும் வறுமையும் மட்டுமல்ல. சயாமிலிருந்து திரும்பியவரிடம் என்ன நடந்தது என்று கேட்பார் இல்லாமையும் ஆகும்.

இந்நாவல்களைத் திறனாய்வாளர் இரு வகையாக நடத்தி வந்துள்ளனர். ஒரு சாரார், 'இது நம் இனத்தின் கண்ணீர். இதில் குறை காண்பது பாவம்' என்று கைகூப்பி விலகினர். மற்றொரு சாரார், 'இது வரலாற்றுச் செய்தி. கலையன்று' என்று கைகழுவினர். இருவரும் நாவலைப் படிக்கவில்லை என்று சொல்வது கடுமையாகத் தோன்றலாம்; ஆயினும் உண்மைக்கு அருகில் இருக்கிறது. கைகூப்புவதும் கைகழுவுவதும் கையில் நூலை எடுக்காமலே செய்யத்தக்கவை.

படித்துப் பார்த்தால் தெரிவது என்ன? முதலாவதாக, இந்நூல்களின் உயர்ந்த பகுதிகள் தோட்டத்தில் நிகழும் பகுதிகளே. லயம், பெரட்டு, மங்கு, வாளி, ஆயாக்கொட்டகை, மாரியம்மன் கோயில் என்று அந்த வாழ்க்கை தன் சொற்களோடு வந்து நிற்கும்போது, மனிதர்கள் உயிர்பெறுகின்றனர். பேராக்கின் இரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனையாக மாறியும் வீடமைப்புத் திட்டங்களுக்குள் மறைந்தும் போனபின், அச்சொற்களைக் கேட்கக்கூடிய இடங்களுள் இந்நாவல்கள் முதன்மையானவை. மங்கு என்றால் என்ன என்று கேட்கும் மாணவன் இன்று தோட்டத்து மாணவனாகவே இருக்கக்கூடும்.

இரண்டாவதாக, கதை சயாமுக்குள் நுழைந்ததும் இவ்வகை எழுத்துக்கு ஒரு தடுமாற்றம் நேர்கிறது. மனிதர் எண்ணிக்கையாகத் தொடங்கிவிடுகின்றனர். 'நூற்றுக்கணக்கில் மாண்டனர்', 'பிணங்கள் குவிந்தன' என்னும் தொடர்கள் வருகின்றன. வரலாற்றுக் குறிப்பைப் பாத்திரத்தின் வாயில் வைத்துச் சொல்லும் வழக்கமும் தலைகாட்டுகிறது. இவை உண்மைக்கு மாறானவையல்ல. ஆனால் பாஸ்ரா நினைவகம் சிப்பாய்களுக்குச் செய்ததை நாமே நம்மவர்க்குச் செய்வதாக இது முடிகிறது. ஆயிரம் பேர் மாண்டதைச் சொல்ல வரலாற்று நூல் போதும். பெரட்டில் அறுபத்தேழாவதாகப் பெயர் கூப்பிடப்பட்டு, மறுநாள் கூப்பிடப்படாமற்போன ஒருவனைச் சொல்லவே நாவல் வேண்டும்.

மூன்றாவது, இன்னும் ஆழமான இடர். சயாமைப் பற்றிய கதை பெரும்பாலும் திரும்பி வந்தவரின் கதையாகவே அமைய நேர்கிறது. சான்று சொன்னவர்கள் திரும்பி வந்தவர்கள். எழுத்தாளர் கேட்டறிந்தது அவர்களிடம். ஆகவே துன்பம் நிகழ்கிறது, தாங்கப்படுகிறது, ஒரு நாள் முடிகிறது. காணாமற்போனவனுக்கு இந்த வடிவம் பொருந்தாது. அவன் கதைக்கு முடிவில்லை. அவன் மனைவிக்குச் செய்தி வராது, உடல் வராது, கருமாதி செய்ய நாள் தெரியாது. பொட்டை அழிப்பதா, தாலியைக் கழற்றுவதா என்று தெரியாமல் பல ஆண்டுகள் காத்திருந்த பெண்களைப் பற்றித் தோட்டத்துப் பெரியவர்கள் சொல்வதுண்டு. வடக்கேயிருந்து வண்டி வரும்போதெல்லாம் நிலையத்துக்கு ஓடியவர்களும் உண்டு என்பர். இறந்தவனுக்கு ஒப்பாரி உண்டு. காணாமற்போனவனுக்குப் பாட எந்தப் பாட்டும் இல்லை. சயாமுக்குப் போகாமலே சயாமைச் சுமந்த அந்தப் பெண்ணை நடுவில் வைத்து எழுதப்பட்ட பெருநாவல் நமக்கு இன்னும் வாய்க்கவில்லை. களத்தில் கிடப்பவனை விடக் கதவருகே நிற்பவளைப் பாடுவதில் வல்லது நம் அகத்திணை மரபு. அந்த மரபில் வந்தோர்க்கு இது இயலாததன்று.

ரெங்கசாமி தம் நாவலுக்கு 'நினைவுச் சின்னம்' என்று பெயரிட்டதை இந்நோக்கில் காண வேண்டும். அது தலைப்பு மட்டுமன்று, ஓர் உரிமைக் கோரிக்கை. கல் எழுப்பாத இடத்தில் நூல் நிற்கட்டும் என்கிறார் ஆசிரியர். நடையில் எளிமை மிகுந்து சில இடங்களில் தட்டையாகிவிடுகிறது. விளக்கம் தேவைக்கு மேல் நீள்வதும் உண்டு. ஆயினும் அந்தத் தலைப்புக்கு அவர் தகுதியுடையவர். பிறர் மறந்ததை எழுதியவர் என்பதற்காக மட்டுமன்று. இது எழுதப்பட வேண்டிய இடம் நாவல்தான் என்று கண்டுகொண்டவர் என்பதற்காகவும்.

எழுத்து நினைவகமாக நிற்பதற்குப் பேராக்கிலேயே சான்றுண்டு. ஈப்போவுக்கு அருகிலுள்ள பாப்பானில் கொரில்லா வீரர்களுக்கு மருத்துவம் செய்து, ஜப்பானியரின் கொடுஞ்சித்திரவதைக்கு ஆளாகி, 1948இல் மறைந்த சிபில் கார்த்திகேசு அம்மையாரை இன்று பலர் அறிவர். அவர் தம் அனுபவத்தை எழுதி வைத்தார். அவர் மறைந்தபின் 1954இல் அது நூலாயிற்று. பாப்பானில் அவர் பணியாற்றிய வீட்டைத் தேடி மக்கள் வருகின்றனர். நூல் முதலில், வீடு பிறகு. இதற்கு நேர்மாறான காட்சியும் அதே கிந்தா வட்டாரத்தில் உண்டு. பத்து காஜா அருகிலுள்ள கெல்லி மாளிகையைக் காண வரும் கூட்டம் பெரிது. கட்டி முடியாத அந்த மாளிகையைக் கட்ட உழைத்தவர்கள் பெயரின்றி மறைந்தனர். அவர்களுக்காக எழுந்த மாரியம்மன் கோயிலின் கூரைச் சிற்பங்களுக்கிடையே, துரை எனக் கருதப்படும் உருவம் ஒன்று நிற்கிறது. தொழிலாளர் கோயிலிலும் துரைக்கே சிலை!

இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்து பர்மா எல்லையில் மறைந்த தோட்டத்து இளைஞரின் நிலையும் எண்ணத்தக்கது. அவர்களுக்காகச் சிங்கப்பூர்க் கடற்கரையில் 1945 ஜூலையில் நேதாஜி அடிக்கல் நாட்டிய நினைவுத் தூணை, அதே ஆண்டு செப்டம்பரில் திரும்பி வந்த பிரிட்டிஷார் தகர்த்தனர். அவர்கள் பெயர்கள் கிராஞ்சிச் சுவரில் ஏற இயலாது. இரயில் பாதையின் பலகையிலும் சேரா. ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீடுகளிலிருந்து ஒருவன் படைக்கும் மற்றொருவன் பாதைக்கும் சென்றிருக்கக்கூடும். படைக்குச் சென்றால் பாதைக்குப் பிடிபடாமல் தப்பலாம் என்று எண்ணிச் சேர்ந்தவர்களும் உண்டு. நம் நாவல்கள் படையை ஒரு நூலிலும் பாதையை வேறொரு நூலிலுமாகப் பிரித்து வைத்துவிட்டன. லயத்தில் அவை பிரிந்திருக்கவில்லை.

ஆசிரியர்கள் இந்நூல்களை வகுப்பில் வைக்கும்போது, கதைச்சுருக்கமும் படிப்பினையும் கேட்பதை ஒரு பருவத்துக்கேனும் நிறுத்தி வைக்கலாம். மாறாக, இந்த அத்தியாயத்தில் இறந்தவர்களில் பெயர் சொல்லப்பட்டவர் எத்தனை பேர், பெயர் சொல்லப்படாதவர் எத்தனை பேர், ஏன் என்று கேட்கலாம். தைப்பிங்குக்கு அழைத்துச் சென்றால் ஆளுக்கொரு கல்லைத் தந்து, அதிலுள்ளதை எழுத்துப் பிசகாமல் எழுதிவரச் செய்யலாம். பெயரில்லாக் கல் கிடைத்த மாணவனுக்குத்தான் அன்று வேலை கடினம். பின்னர் அவரவர் குடும்பத்தில் சயாமுக்குப் போனவர் உண்டா, அவர் பெயர் என்ன, எந்தத் தோட்டம் என்று வீட்டில் கேட்டுவரச் சொல்லலாம். கொள்ளுப்பாட்டனின் பெயர் தெரிந்த பாட்டி இன்னும் சில வீடுகளில் இருக்கிறார். மூடப்பட்ட தோட்டங்களின் பழைய செக்ரோல் ஏடுகள் எங்கேனும் எஞ்சியிருக்குமானால், அவையும் இலக்கிய மாணவனுக்கு உரிய பனுவல்களே.

ஈப்போத் தூணின் பலகையைப் படித்துவிட்டுத் தலை நிமிரும் மாணவன் நேரெதிரே காண்பது புகைவண்டி நிலையத்தின் வெண்ணிற முகப்பை. 1942லும் 1943லும் தெற்கேயிருந்து சரக்குப் பெட்டிகளில் ஆள்களை அடைத்துக்கொண்டு சயாமுக்குச் சென்ற வண்டிகள் இந்த நிலையத்தைக் கடந்தே வடக்கே போயின. இன்று பாடாங் பெசாருக்குச் செல்லும் மின்வண்டியும் அதே வழியாகத்தான் போகிறது. அதன் பயணச்சீட்டில் ஒவ்வொருவர் பெயரும் உண்டு.